கட்டுரைக்கு அடியில் லிங்க் மட்டும் போட்டால் சான்று ஆகிவிடுமா?

விண்நோக்கி கேட்டது:

வணக்கம். தமிழில் வானியல் கட்டுரைகள் வெளியிடும் தளம் ஒன்றைச் செப்பனிட வேண்டியிருக்கிறது. சுமார் 60 கட்டுரைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் "உதவியவை" என்று தலைப்பிட்டு மூன்று நான்கு லிங்க்குகள், மொத்தம் 210. தலைப்பு, ஆசிரியர், நாள் எதுவும் கிடையாது, வெறும் முகவரிதான். சிலவற்றைச் சொடுக்கினால் பக்கமே இல்லை.

சான்று குறிப்பதற்கு ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ என்று பல பாணிகள் சொல்கிறார்களே, இணையதளத்துக்கு எது பொருந்தும்? ஆசிரியர் பெயரோ நாளோ இல்லாத பக்கத்தை எப்படிக் குறிப்பது? "பார்த்த நாள்" கட்டாயமா? செத்துப்போன லிங்க்கை எடுத்துவிடலாமா? தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது தலைப்பெழுத்தை வைத்தா, பெயரை வைத்தா? இதையெல்லாம் கையால்தான் செய்ய வேண்டுமா, மென்பொருள் ஏதும் உண்டா?

ஏட்டுக்கட்டு எழுதியது:

பாணியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அந்த லிங்க் செத்துப்போனாலும், நீங்கள் எழுதிய குறிப்பை மட்டும் வைத்து ஒருவர் அந்த மூலத்தைத் தேடிப் பிடிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் அது சான்று. முடியாவிட்டால் அது முகவரிச் சீட்டு மட்டுமே. வீடு மாறியதும் அந்தச் சீட்டால் பயனில்லை.

அதற்கு ஐந்து விவரம் வேண்டும்: எழுதியவர், வெளியான நாள், தலைப்பு, வெளியிட்ட தளம் அல்லது நிறுவனம், முகவரி. ஆறாவதாகப் பார்த்த நாள். முதல் நான்கும் இருந்தால் முகவரி போனாலும் தலைப்பைத் தேடுபொறியில் போட்டு மீட்டுவிடலாம். உங்களிடம் இருப்பதோ ஐந்தாவது மட்டும்.

ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். லிங்க்குகள் சாவது பற்றி பியூ ரிசர்ச் சென்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38% பத்தாண்டு கழித்து இல்லை என்று கண்டது அதில்தான். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் பலரும் செய்யும் தவறு, ஆசிரியர் இடத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுவிட்டு நகர்வது. தலைப்பை ஒட்டி நான்கு ஆய்வாளர்களின் பெயர் இருக்கிறது, அவர்கள்தான் ஆசிரியர்கள். நிறுவனம் வெளியீட்டாளர். நாள் 2024 மே 17. ஆகப் பதிவு இப்படி வரும்: நான்கு ஆசிரியர் பெயர்கள்; (2024, மே 17); "வென் ஆன்லைன் கன்டென்ட் டிஸப்பியர்ஸ்"; பியூ ரிசர்ச் சென்டர்; முகவரி; பார்த்த நாள். தலைப்பை நான் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் மூல மொழியின் எழுத்திலேயே வையுங்கள், அதை மொழிபெயர்த்து மாற்றிவிடாதீர்கள். மொழிபெயர்த்த தலைப்பைத் தேடினால் எதுவும் கிடைக்காது. பொருள் புரிய வேண்டுமானால் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் தமிழில் கொடுக்கலாம்.

ஆசிரியர் இல்லாத பக்கம் என்று முடிவுகட்டும் முன் மூன்று இடம் பாருங்கள்: தலைப்பின் கீழே, கட்டுரையின் அடியில், "எங்களைப் பற்றி" பக்கத்தில். ஒன்றிலும் இல்லையென்றால் நிறுவனமே ஆசிரியர். நிறுவனமும் தெரியாவிட்டால் தலைப்பை முதலில் வைத்து அதன்படி வரிசைப்படுத்துங்கள். "அட்மின்" என்று போட்டிருந்தால் அது பெயரல்ல, பட்டியலில் ஏற்றாதீர்கள். உண்மையில் யார் எழுதியது, யார் பொறுப்பு என்று எங்குமே தெரியாத பக்கம் சான்றாக நிற்கத் தகுதியானதா என்பதையும் அந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அதே தகவலுக்குப் பொறுப்பேற்கும் மூலம் அநேகமாக வேறெங்காவது இருக்கும்.

நாள் விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பக்கத்தின் அடியில் காப்புரிமைக் குறியோடு நிற்கும் ஆண்டு வெளியான ஆண்டு அல்ல. பல தளங்களில் அது ஒவ்வொரு ஜனவரியிலும் தானாக மாறுவது. பக்கத்தில் நாள் தென்படவில்லையென்றால் பிரவுசரில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து "பப்ளிஷ்ட்", "மாடிஃபைட்" என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். திரையில் காட்டாத நாள் பல தளங்களில் அங்கே பதிந்திருக்கும். இரண்டும் இருந்தால் வெளியான நாளையும் திருத்திய நாளையும் குறியுங்கள். எதுவுமே இல்லையென்றால் இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தின் முதல் நகல் என்றைக்கு என்று பார்க்கலாம். ஆனால் அது வெளியான நாள் ஆகாது. அந்த நாளுக்குள் பக்கம் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. "நாள் இல்லை, 2016 மார்ச்சுக்கு முன்" என்று எழுதினால் சரி, "2016 மார்ச்" என்று எழுதினால் தவறு.

நாளை 03/04/2024 என்று எழுதாதீர்கள். ஏப்ரல் 3 என்று ஒருவர் படிப்பார், மார்ச் 4 என்று இன்னொருவர் படிப்பார். மாதத்தை எழுத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் 2024-04-03 என்று ஆண்டை முன்னே வையுங்கள்.

பார்த்த நாள் பற்றி: ஏபிஏ 7ஆம் பதிப்பு, மாறிக்கொண்டே இருக்கும்படி அமைந்த பக்கங்களுக்கு மட்டும் அதைக் கேட்கிறது. எம்எல்ஏ 9ஆம் பதிப்பு விருப்பத்துக்கு விடுகிறது. சிகாகோ, வெளியான நாளோ திருத்திய நாளோ தெரியாதபோது வேண்டும் என்கிறது. ஆய்வேட்டுக்கு அந்த விதிகள் போதும். இணையதளத்தில் எல்லாப் பதிவுக்கும் போடுங்கள் என்பது என் கருத்து. உங்கள் துறையிலேயே காரணம் இருக்கிறது. சனிக்கோளின் துணைக்கோள்கள் 2019 அக்டோபரில் 82. 2023இல் எண்ணிக்கை 145ஐத் தாண்டியது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து 274 ஆனது. ஒரே முகவரி, ஒரே தலைப்பு, உள்ளே எண் மட்டும் மாறிவிடும். "82" என்று எழுதிய கட்டுரையில் பார்த்த நாள் இருந்தால் படிப்பவருக்கு விளங்கும். இல்லாவிட்டால் நீங்கள் தவறாக எழுதியதாகத்தான் தெரியும்.

பாணிக்கு வருவோம். பொதுவாசகருக்கான தளம் என்றால் கட்டுரைக்குள் எண் அடிக்குறிப்பு, முடிவில் பட்டியல், இவ்வளவு போதும். எந்தப் பாணியானாலும் 60 கட்டுரையிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆண்டு ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வருவதுதான் பார்ப்பவரை உறுத்தும். மாதிரிப் பதிவு நான்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இணையப் பக்கம், ஆய்விதழ்க் கட்டுரை, நூல், காணொளி. மீதியெல்லாம் அந்த நான்கின் அச்சில் வார்க்கலாம்.

பிழைதிருத்தி எழுதியது:

மேலே சொன்னதோடு இரண்டு.

அச்சுநூல் பழக்கத்தில் "மேலது" (மேலே சொன்ன அதே மூலம்), "மு.சு.நூ." (முன் சுட்டிய நூல்) என்று அடிக்குறிப்பில் போடுவார்கள். இணையத்தில் வேண்டவே வேண்டாம். 4ஆம் குறிப்புக்கும் 5ஆம் குறிப்புக்கும் நடுவே பின்னொரு நாள் புதுக் குறிப்பு ஒன்றைச் செருகினால், பழைய "மேலது" புதிதாக வந்ததைச் சுட்ட ஆரம்பிக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்குப் பதில் "சாமிநாதையர், ப. 42" என்று பெயரும் பக்கமும் போட்டுவிடுங்கள், எங்கே நகர்ந்தாலும் பொருள் மாறாது. ஒரு பக்கமானால் "ப.", பல பக்கமானால் "பக்." என்ற வேறுபாட்டையும் கவனியுங்கள்.

தமிழ்ப் பெயர்: வரிசைப்படுத்துவது பெயரை வைத்துத்தான், தலைப்பெழுத்தை வைத்து அல்ல. உ. வே. சாமிநாதையர் "சா"வில் வர வேண்டும், "உ"வில் அல்ல. பட்டியலில் "சாமிநாதையர், உ. வே." என்று காற்புள்ளியிட்டு எழுதினால் கண்ணுக்கும் வரிசை தெரியும். சிக்கல் எங்கே என்றால், மென்பொருள்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். வ. உ. சிதம்பரம் பிள்ளையை அது "பிள்ளை, வ. உ. சிதம்பரம்" ஆக்கி "பி"யில் கொண்டுபோய் வைக்கும். சான்றுகளைத் தொகுத்து வைக்கும் சோட்டேரோ போன்ற மென்பொருளில் பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டியை ஒரே பெட்டியாக மாற்றும் சிறு பொத்தான் உண்டு. ஒரே பெட்டிக்கு மாற்றினால் நீங்கள் தட்டியது தட்டியபடியே நிற்கும், வரிசையும் அதன்படியே அமையும். அல்லது "சிதம்பரம் பிள்ளை" முழுவதையும் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் "வ. உ." என்பதை மற்றதிலும் போடுங்கள்.

ஒரே ஆளை ஒரு நூலில் சாமிநாதையர், இன்னொன்றில் சாமிநாத ஐயர், வேறொன்றில் சுவாமிநாத ஐயர் என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டியலில் ஒரு வடிவத்தை வைத்து அதன் கீழ் எல்லாவற்றையும் திரட்டுங்கள். நூலின் தலைப்புக்குள்ளேயே பெயர் வந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

நிரலோடை எழுதியது:

தளத்தில் ஏற்றும்போது வரும் கோளாறுகளைச் சொல்கிறேன்.

அடிக்குறிப்பு எண்ணைக் கையால் தட்டாதீர்கள். நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குப் பிறகு உள்ள எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதும் தளமாக இருந்தால், சதுர அடைப்புக்குள் தொப்பிக்குறியும் ஒரு சொல்லும் போடும் அடிக்குறிப்பு முறையைப் பெரும்பாலான கருவிகள் ஏற்கின்றன. அந்தச் சொல் எண்ணாக இருக்க வேண்டியதில்லை. "சனி-2025" மாதிரி பொருளுள்ள அடையாளம் கொடுங்கள். சில கருவிகள் அந்த இடத்தில் தமிழ் எழுத்தை ஏற்காமல் அடைப்போடு அப்படியே அச்சிடும். அப்படி நடந்தால் அடையாளத்தை மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றுங்கள். எண்ணைக் கருவியே வரிசையாகப் போட்டுக்கொள்ளும்.

முகப்புப் பக்கத்தில் பல கட்டுரை முழுதாக வரும் தளங்களில் ஒரு வினோதம் நடக்கும்: மூன்றாவது கட்டுரையின் 1ஆம் குறிப்பைச் சொடுக்கினால் முதல் கட்டுரையின் 1ஆம் குறிப்புக்குப் போய் நிற்கும். காரணம், எல்லாக் கட்டுரையும் குறிப்புக்கு ஒரே ஐடி (அடையாளப் பெயர்) கொடுத்திருக்கின்றன. பிரவுசர் அந்தப் பெயரில் முதலில் கண்ட இடத்துக்குப் போகிறது. ஐடியின் முன்னால் கட்டுரை எண்ணைச் சேர்த்தால் தீரும்.

இன்னொன்று, மேலே ஒட்டி நிற்கும் தலைப்புப் பட்டை இருந்தால் சொடுக்கிப் போன குறிப்பு அதன் அடியில் ஒளிந்துவிடும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் குறிப்புகளுக்கு ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப் என்று பட்டையின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் கட்டுரைக்குத் திரும்பும் அம்பு அவசியம். கைப்பேசியில் படிப்பவர் விட்ட இடத்தைத் தேடி அலைய மாட்டார், மூடிவிட்டுப் போய்விடுவார்.

நீண்ட முகவரி கைப்பேசித் திரையைத் தாண்டி ஓடி முழுப் பக்கத்தையும் பக்கவாட்டில் இழுக்கும். ஓவர்ஃப்ளோ-ராப் என்பதை எனிவேர் என்று வைத்தால் எங்கு வேண்டுமானாலும் உடைந்து அடுத்த வரிக்கு வரும். அதைவிட நல்லது முகவரியைக் காட்டாமல் தலைப்பின் மேலேயே லிங்க் கொடுப்பது. ஆனால் அச்செடுத்துப் படிப்பவர்களுக்கு முகவரி தெரியாது. அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் மட்டும் முகவரி வெளியே வரும்படி செய்யலாம்.

தமிழ் முகவரிகளைக் காப்பி செய்து ஒட்டினால் சதவீதக் குறிகளின் கூட்டமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடு. அது 45 எழுத்தாக நீளும். லிங்க்கின் உள்ளே அது அப்படியே இருக்கட்டும். வாசகர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் தமிழாக்கிக் காட்டுங்கள். பாதியில் வெட்டுப்பட்டால் அந்த முகவரி வேலை செய்யாது.

ஒட்டும் முன் முகவரியின் வாலை நறுக்குங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் யுடிஎம், எஃப்பிசிஎல்ஐடி போன்றவை நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று கண்காணிப்பவை, பக்கத்துக்குத் தேவையில்லை. ஆனால் கேள்விக்குறிக்குப் பின் வரும் எல்லாமே குப்பை அல்ல. சில தளங்களில் பக்கத்தின் எண்ணே அங்கேதான் இருக்கிறது. நறுக்கியபின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அதே பக்கம் வந்தால் சரி. லாகின் கேட்டால், நீங்கள் மட்டும் பார்க்கக்கூடிய முகவரியை எல்லோருக்கும் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

கடைசியாக ஒன்று, தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. முகவரியை வெறும் எழுத்தாக விட்டால் தானாக லிங்க் ஆக்கும் தளங்களில், முகவரியை ஒட்டி "இல்" என்றோ "ஐ" என்றோ வேற்றுமை உருபு சேர்த்தால் அதுவும் லிங்க்குக்குள் போய்விடும். முற்றுப்புள்ளியும் அப்படியே சில இடங்களில் ஒட்டிக்கொள்ளும். சொடுக்கினால் 404, அதாவது "பக்கம் இல்லை" என்ற பிழை வரும். முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு "என்ற முகவரியில்" என்று எழுதிவிடுங்கள்.

விண்நோக்கி எழுதியது:

மிக்க நன்றி. லிங்க் சோதிக்கும் கருவி ஒன்றை ஓட்டியதில் 210இல் 47 பழுது என்று காட்டுகிறது. அவற்றில் 404 வருவது 29, 403 வருவது 11, மீதி பலவகை. என்ன வரிசையில் சரிசெய்வது? இன்னொன்று: பல கட்டுரைகள் விக்கிப்பீடியாவையும் செய்திக்குறிப்புகளையும் மட்டுமே காட்டுகின்றன. அது போதுமா?

சுட்டிக்காவல் எழுதியது:

முதலில் 403ஐத் தனியே ஒதுக்குங்கள். அது "பக்கம் இல்லை" என்பதல்ல, "உன்னை உள்ளே விடமாட்டேன்" என்பது. கருவியை ரோபோ என்று கண்டு தடுத்திருக்கும். பிரவுசரில் திறந்தால் பெரும்பாலும் வரும். 429 என்று வந்தால் அடுத்தடுத்து வேகமாகத் தட்டிவிட்டீர்கள், இடைவெளி விட்டு ஓட்டுங்கள். சில கருவிகள் பக்கத்தைக் கேட்காமல் தலைப்பகுதியை மட்டும் கேட்கும். அதற்குப் பதில் தராத சர்வர் 405 சொல்லும். இவற்றையெல்லாம் கழித்தால் உண்மையிலேயே செத்தது 404உம் 410உம்.

நீங்கள் அஞ்ச வேண்டியது கருவி காட்டிய 47ஐ அல்ல, காட்டாதவற்றை. பக்கம் போய்விட்டது, ஆனால் சர்வர் 200 ("எல்லாம் சரி") என்று சொல்லி முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். கருவிக்கு எல்லாம் நலம். இன்னும் மோசம், டொமைன் காலாவதியாகி வேறு யாரோ வாங்கி அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம் வைத்திருப்பார்கள். அதுவும் 200தான். ஆகவே மீதி 163ஐயும் ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போதே தலைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பு கையில் இருந்தால் அடுத்த முறை திரும்பி வரும் பக்கத்தின் தலைப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி சிறு நிரல் ஒன்று எழுதலாம், கண்ணால் பார்க்கும் வேலை மிச்சம்.

செத்த லிங்க்கை எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த வாக்கியத்துக்குச் சான்றே இல்லாமல் போகும். சரிசெய்யும் வரிசை இது: டிஓஐ (கட்டுரைக்குத் தரும் நிரந்தர அடையாள எண்) உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் அதே தளத்தில் பக்கம் வேறு முகவரிக்கு நகர்ந்திருக்கிறதா என்று தலைப்பை வைத்துத் தேடுங்கள், அதுவும் இல்லையென்றால் காப்பக நகல். காப்பக முகவரியைப் போடும்போது பழைய முகவரியை அழிக்காமல் இரண்டையும் வையுங்கள். எது மூலம், எது நகல் என்று தெரிய வேண்டும்.

வேபேக் மெஷின் முகவரியின் நடுவே 14 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு 4, மாதம் 2, நாள் 2, மணி 2, நிமிடம் 2, நொடி 2. 20190714083000 என்றால் 2019 ஜூலை 14, காலை 8:30, அதுவும் உலகப் பொது நேரப்படி. பல நகல் இருந்தால் புதியதை எடுக்காதீர்கள். கட்டுரை எழுதப்பட்ட நாளுக்குக் கிட்டத்தில் உள்ளதை எடுங்கள், ஏனென்றால் எழுதியவர் பார்த்தது அதைத்தான். கடைசி நகல் பெரும்பாலும் "பக்கம் காணவில்லை" என்ற பக்கத்தின் நகலாகவே இருக்கும்.

இனிமேல் சேர்க்கும் ஒவ்வொரு லிங்க்கையும் அன்றே வேபேக்கில் சேமியுங்கள், செலவில்லை. சேமித்ததும் அந்த நகலைத் திறந்து நீங்கள் மேற்கோள் காட்டும் வரி அதில் தெரிகிறதா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டால் நிரப்பப்படும் பக்கங்கள் சில நேரம் வெற்றுச் சட்டமாகப் பதிவாகும். லாகினுக்குப் பின்னால் உள்ளவை பதிவாகவே ஆகாது. அவற்றைப் பிடிஎஃப் ஆக உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அது நீங்கள் சரிபார்க்க மட்டும், தளத்தில் ஏற்றினால் காப்புரிமைச் சிக்கல்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

விக்கிப்பீடியா, செய்திக்குறிப்பு கேள்விக்கு.

விக்கிப்பீடியாவில் படித்தால் அதன் அடிக்குறிப்புக்குப் போய், அந்த மூலத்தைத் திறந்து, அந்தத் தகவல் உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று படித்துவிட்டு மூலத்தைக் குறியுங்கள். படிக்காமல் அடிக்குறிப்பை மட்டும் நகலெடுப்பது நேர்மையல்ல. அங்கே தவறாகச் சுட்டியிருந்தால் நீங்களும் அதே தவறைச் சொந்தமாக்கிக்கொள்கிறீர்கள். விக்கிப் பக்கத்தையே காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்தின் வரலாற்றில் குறிப்பிட்ட பதிப்புக்கென்று மாறாத இணைப்பு கிடைக்கும், அதைக் கொடுங்கள். சாதாரண முகவரி எப்போதும் இன்றைய பதிப்பையே காட்டும்.

செய்திக்குறிப்பு அறிவிப்புக்குச் சான்று, அளவுகளுக்கு அல்ல. "கண்டுபிடித்ததாக இன்ன நாளில் அறிவித்தார்கள்" என்றால் செய்திக்குறிப்பு போதும். தொலைவு, நிறை, பிழைவரம்பு என்று எண் எழுதினால் ஆய்வுக் கட்டுரைக்குப் போங்கள். செய்திக்குறிப்பில் எண்ணை முழுமையாக்கி, பிழைவரம்பை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். பெரும்பாலும் அதன் அடியிலேயே கட்டுரையின் டிஓஐ இருக்கும்.

டிஓஐ என்பது 10 என்று தொடங்கி, புள்ளி, சில இலக்கம், சாய்கோடு, அதன்பின் வெளியீட்டாளர் கொடுத்த அடையாளம் என்று வரும். 10.1000/182 என்பது டிஓஐ முறையின் கையேட்டுக்கே கொடுத்த எண். இதை டிஓஐ தளத்தின் முகவரிக்குப் பின் ஒட்டினால் கட்டுரை இருக்கும் இடத்துக்குப் போகும். வெளியீட்டாளர் தளத்தை மாற்றினால் அந்தப் பதிவையும் புதுப்பிக்கும் பொறுப்பு அவருடையது, அதனால்தான் இது வெறும் முகவரியைவிட நீண்ட காலம் நிற்கும். தலைப்பு மட்டும் கையில் இருந்தால் டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலில் போட்டு டிஓஐயை எடுக்கலாம்.

வானியலில் பெரும்பாலான கட்டுரைகளை ஆர்க்கைவ் என்ற முன்வெளியீட்டுத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அங்கே உள்ள எண் 2401 என்று தொடங்கினால் 2024 ஜனவரியில் ஏற்றியது. எண்ணுக்குப் பின்னால் பதிப்பும் இருக்கும். முதல் பதிப்பில் உள்ள எண் இதழில் வெளியாகும்போது திருத்தப்பட்டிருக்கலாம். ஆகவே இதழில் வந்துவிட்டதா என்று பாருங்கள்; வந்திருந்தால் இதழின் டிஓஐ முதலில், வாசகர் இலவசமாகப் படிக்க ஆர்க்கைவ் லிங்க் கூடவே. வரவில்லையென்றால் "முன்வெளியீடு" என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுப் பதிப்பு எண்ணையும் போடுங்கள்.

ஏஐ செயலியிடம் "சான்று கொடு" என்று கேட்டு வாங்கிய பட்டியல் ஏதும் இருந்தால் ஒவ்வொன்றையும் சோதிக்காமல் ஏற்றாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு நம்பும்படியான தலைப்பும் ஆசிரியரும் டிஓஐயும் வரும். டிஓஐ திறக்கிறது என்பது மட்டும் போதாது. முற்றிலும் வேறொரு கட்டுரைக்குப் போகலாம். திறந்த பக்கத்தின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் பட்டியலோடு பொருந்த வேண்டும். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தப் பதிவை எடுத்துவிட்டு நீங்களே தேடுங்கள்.

மென்பொருள்: சோட்டேரோ. 2006 முதல் இருக்கிறது, இலவசம், திறமூலம். டிஓஐ அல்லது ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் விவரங்களை அதுவே நிரப்பும். பிரவுசர் இணைப்பான் வழியாகச் சாதாரண இணையப் பக்கத்தைச் சேர்த்தால் தலைப்பு, முகவரி, பார்த்த நாள் மட்டும் வந்து ஆசிரியரும் வெளியான நாளும் பல நேரம் காலியாக நிற்கும். அந்த இரண்டையும் கையால் நிரப்பினால்தான் பதிவு முழுமை. தலைப்பின் வாலில் தளத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், அதை நீக்குங்கள்.

பிழைதிருத்தி எழுதியது:

படங்களை மறந்துவிட்டோம். வானியல் தளம் என்றால் படம்தான் அதிகம். பட்டியலில் மூலத்தைக் குறிப்பது வேறு, பயன்படுத்த அனுமதி இருப்பது வேறு. "நன்றி: கூகுள்" என்பது இரண்டுமே ஆகாது, கூகுள் தேடித் தந்தது, எடுத்தது வேறொருவர். ஐரோப்பியத் தெற்கு வான்காணகத்தின் படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் இருக்கின்றன; படத்தோடு அவர்கள் தரும் நன்றி வரியை அப்படியே போட வேண்டும், வெட்டியிருந்தாலோ நிறம் மாற்றியிருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். நாசாவின் "இன்றைய வானியல் படம்" பக்கத்தில் வரும் படங்கள் எல்லாம் நாசாவுடையவை அல்ல, பல தனி ஒளிப்படக் கலைஞர்களின் காப்புரிமையில் உள்ளவை. படத்தின் கீழுள்ள வரியைப் படித்துவிட்டு எடுங்கள். நன்றி வரி படத்தை ஒட்டியே இருக்கட்டும், பட்டியலில் கொண்டுபோய் ஒளிக்க வேண்டாம்.

விண்நோக்கி எழுதியது:

பிரவுசரில் திறந்ததில், 403 காட்டிய 11 லிங்க்குகளில் 9 நலமாக இருக்கின்றன. ஒரு சந்தேகம் மட்டும் மீதம். எல்லாக் கட்டுரைகளின் சான்றுகளையும் திரட்டி ஒரே பக்கமாக அகரவரிசையில் காட்டும்போது, ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண வரிசைப்படுத்தலில் "வளி" என்ற தலைப்பு "வவ்வால் நெபுலா"வுக்கு முன்னால் வருகிறது, "மன" என்று தொடங்குவது "மய"வுக்கு முன்னால் வருகிறது. ஏன்?

நிரலோடை எழுதியது:

யூனிகோடில் எழுத்துகள் இருக்கும் வரிசை நெடுங்கணக்கு வரிசை அல்ல. அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அதற்குப் பிறகுதான் வ. ச-வை அடுத்து ஜ. சாதாரண வரிசைப்படுத்தல் அந்தக் குறியீட்டு எண்ணைத்தான் பார்க்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் தொகுதியில் கொலேட்டர் என்று இருக்கிறது. அதற்கு மொழியாகத் தமிழின் இரண்டெழுத்துக் குறியைக் கொடுத்து, அதன் ஒப்பீட்டுச் செயலியை வரிசைப்படுத்தலுக்குள் அனுப்புங்கள். ள-வும் ன-வும் தத்தம் இடத்துக்குப் போகும்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை. சிலர் ஒகரத்தை ஒரே குறியாகவும் சிலர் எகரக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டியிருப்பார்கள். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஒரே பெயர் என்று நிரலுக்குத் தெரியாது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிட்டு வரிசைப்படுத்தினால் ஒரே ஆசிரியர் இரண்டு ஆளாக நிற்க மாட்டார். பெயரின் முதலெழுத்தைத் தலைப்பாகப் போட நினைத்தால் முதல் குறியீட்டை மட்டும் வெட்டாதீர்கள், "வே" என்பது "வ" ஆகிவிடும். அதற்கு இன்டிலிலேயே செக்மென்டர் இருக்கிறது, உயிர்மெய்யைக் குறியோடு சேர்த்து முழு எழுத்தாக எடுத்துத் தரும்.